சுருங்காத வலை

பழைய போர்க்கப்பல்களின் எஞ்சினுக்குள் கடல்நீர்த் துளிகள் புகாமல் தடுக்கும் எஃகு வலையை முன்பு செய்து தந்த வெளிநாட்டுக் கம்பெனி இப்போது செய்வதில்லை. அதை மங்கலத்தில் எங்கள் பனியன் கம்பெனியின் பின்னல் மெஷினில் பின்னினோம். மாதிரி சரியாக இருந்தால்தான் ஆர்டர். கடற்படை அதிகாரி வாசலில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். பின்னிய வலை, அதைப் பொருத்த வேண்டிய இரும்புச் சட்டத்துக்குள் அடங்கவில்லை.

"மாஸ்டர், அளவைக் கூட்டி வெச்சீங்களா?" என்று கேட்டேன்.

"சுருக்கத்துக்கு எப்பவும் விடுறதுதான தாயி," என்றார் ராஜபாண்டி மாஸ்டர்.

"பனியன் சுருங்குமுங்க. கம்பி எப்படீங்க சுருங்கும்?"

மாஸ்டர் தலையில் கை வைத்தார்.

"ஓரத்தை வெட்டிரலாமா கண்ணு?" என்றார் முதலாளி லிங்கசாமி.

"வெட்டுனா பூராவும் பிரிஞ்சுருமுங்க. புதுசாத்தான் பின்னோணும்."

"அப்ப அந்த ஆபீசருகிட்ட நீயே சொல்லு."

நான் வெளியே போனேன்.

"சார், தப்பாப் பின்னிட்டோம். சாயங்காலம் வரைக்கும் இருக்க முடியுங்களா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.