வளைவுக்கு அந்தப் பக்கம்

படிவத்தில் எட்டாவது கட்டம் வரை பேனா தங்குதடையின்றி ஓடியது. ஒன்பதாவதில் நின்றுவிட்டது. ‘உயிர் பிரிந்தபோது உடன் இருந்தவர்.’

பதினேழு வருடமாக டயாலிசிஸ் வார்டில் நர்ஸாக இருப்பவள் அவள். இதுபோன்ற படிவங்களை எத்தனையோ பேரிடம் நீட்டி, எங்கே எழுத வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டியிருக்கிறாள். இன்று வேறோர் ஆஸ்பத்திரியில் வேறொருத்தி அவளுக்கு விரல் வைத்துக் காட்டினாள்.

“நீங்கதானேம்மா கூட இருந்தது? தங்கச்சின்னு போட்டாப் போதும்.”

‘தங்கை’ என்று எழுதினாள். எழுத்து கோணலாக விழுந்தது.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். “மத்தவனுக்கு வாழ்க்கையில ஏத்த இறக்கம் வரும், எனக்கு அதுதான் வேலையே” என்ற ஒரே ஜோக்கை முப்பது வருடமாகச் சொல்லி, தானே முதலில் சிரிப்பவன். கடலோரத்து ராணுவ முகாமைக் காலி செய்து, அதன் ஊடாக நடைபாதை போட்டு, போன மாதம்தான் எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்தார்கள். நிலவறைக் கிடங்கிலிருந்து பீரங்கிக் குண்டுகளை மேலே தூக்கிய லிஃப்ட் ஒன்று அங்கே அப்படியே இருக்கிறது என்று பேப்பரில் படித்ததிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“ஞாயித்துக்கிழமை உனக்கு லீவுதானே சுண்டு? வா, நாம ரெண்டு பேரும் போய்ட்டு வருவோம்” என்றான். சுண்டுவிரல் அளவே இருக்கிறாள் என்று பிறந்த அன்றைக்கே அவன் வைத்த பெயர் அது.

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே இடது தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டான். அவள் பார்த்தாள். பையை அந்தத் தோளில் மாட்டியிருப்பதால் இருக்கும் என்று விட்டுவிட்டாள். வார்டில் யாராவது அப்படித் தேய்த்திருந்தால் மறு பேச்சில்லாமல் படுக்கவைத்து ஈசிஜி எடுத்திருப்பாள்.

பாதையின் இரு பக்கமும் கயிறு கட்டியிருந்தது. வெடிக்காத குண்டுகள் மண்ணுக்குள் இருக்கலாம், கயிற்றைத் தாண்டாதீர்கள் என்று வழி நெடுகப் பலகைகள். ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடிந்தது. புல் மூடிய பதுங்கு குழிகள். பீரங்கி சுழன்ற வட்ட மேடையில் இப்போது காக்கைகள். லிஃப்ட்டைக் கண்டதும் அண்ணன் கம்பி வலைக்குள் மூக்கை நுழைக்காத குறையாக நின்றான்.

“கரண்டே இல்ல பாரு. கையால சுத்துற சக்கரம். அந்தப் பக்கம் எடையைக் கட்டி எப்படி சமாளிச்சிருக்கான் பாரு, எமகாதகன்!”

அந்தச் சந்தோஷம் முகத்திலிருந்து இறங்குவதற்குள்ளேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருப்பான் போல.

“சுண்டு, ஒண்ணு சொல்றேன். குதிக்காதே. உன் வீட்டுக்காரனை அப்பப்போ போய்ப் பாத்துட்டு வர்றேன். சுகர் முத்திப்போய்க் கால்ல ரெண்டு விரலை எடுத்துட்டாங்க.”

அவள் அந்த வீட்டைவிட்டு வந்து மூன்று வருடம். எந்தக் கோலத்தில் வந்தாள் என்பது அண்ணனுக்குத் தெரியும். அன்று ஆட்டோவிலிருந்து அவளைக் கைத்தாங்கலாக இறக்கியவனே அவன்தான்.

“எத்தனை நாளா?”

“ஆறு மாசமா. வாரத்துக்கு ஒரு தடவை.”

“நீ யாருக்கு அண்ணன்? எனக்கா, அவனுக்கா?”

“நீ வந்தது சரி. அதை நான் எங்கயும் மாத்திப் பேச மாட்டேன். ஆனா ஏன்னு கேக்க நாதியில்லாம கெடக்குறான். பாத்துட்டு, பாக்காத மாதிரி வர முடியல.”

அவள் விடுவிடுவென்று முன்னால் நடந்தாள். பின்னாலிருந்து, “மெதுவாப் போ, மூச்சு வாங்குது” என்றான். சின்ன வயதிலிருந்தே சண்டை முற்றினால் அவன் எடுக்கிற ஆயுதம் அது. ஒரு நாள் வயிற்றுவலி, ஒரு நாள் தலைச்சுற்றல், ஒன்றுமில்லாவிட்டால் கால் சுளுக்கு. அவள் திரும்பவில்லை. வளைவைத் தாண்டியதும் கடலைக் கண்காணிக்கக் கட்டிய கான்கிரீட் அறை ஒன்று இருந்தது. அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். தேடட்டும். கொஞ்சம் பயப்படட்டும்.

சுவரில் ஒரு சாண் உயரத்துக்கு நீளமான பிளவு. அதன் வழியே கடல் துண்டாகத் தெரிந்தது. ஒரே ஒரு முறை அவன் குரல் வந்தது.

“சுண்டு.”

உரக்கக்கூட இல்லை. ஆனாலும் தெளிவாகக் கேட்டது. போனில் மணி பார்த்தாள். பத்து இருபது. பிறகு வெளியே யாரோ ஒரு பெண் அலறியபோது பத்து முப்பத்திரண்டு.

வளைவுக்கு அந்தப் பக்கம், கயிறு கட்டிய கம்பத்தில் சாய்ந்தபடி அவன் சரிந்து கிடந்தான். நெஞ்சில் கைவைத்து அழுத்தத் தொடங்கியவள் நிறுத்தவே இல்லை. ஆம்புலன்ஸ் உள்ளே வர வழியில்லாமல், வாசலிலிருந்து ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் ஓடி வரும்வரை அழுத்தினாள். எண்ணிக்கை ஒன்றுகூடத் தப்பவில்லை.

மதியம் அண்ணன் வீடு நிறைய ஆட்கள். அண்ணன் மகள் வெளியூரிலிருந்து ரயிலேறிவிட்டாள். அவனோடு வேலை பார்த்தவர்கள் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் ஒருவர் எழுந்து கும்பிட்டார். “கடைசி வரைக்கும் கையெடுக்கலையாமே தாயி.”

“நர்ஸுத் தங்கச்சி பக்கத்துலயே இருந்தா. அந்தக் கொடுப்பினை எத்தனை பேருக்குக் கிடைக்கும்!” என்றாள் எதிர்வீட்டுக்காரி.

ஒவ்வொரு நல்ல வார்த்தையும் அறைந்ததுபோல் விழுந்தது. யாரையும் பார்க்காமல் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். கட்டில் விளிம்பில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம்.

“உன்கிட்ட சொன்னாரா?” என்று கேட்டாள் அண்ணி. “அவனைப் போய்ப் பாக்குற விஷயம்?”

“சொன்னாரு அண்ணி.”

“வாரா வாரம் நான்தான் டிபன் பாக்ஸ் கட்டிக் குடுத்தேன். வீட்ல வச்சு சொன்னா நீ எந்திரிச்சுப் போயிடுவே, வெளியில எங்கயாவது கூட்டிட்டுப் போய் சொல்லுங்கன்னு அனுப்பினதும் நான்தான்.” மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “சண்டை போட்டியா?”

கதவில் சாய்ந்து நின்றாள். ‘போட்டேன்’ என்று ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டால் அண்ணி அதோடு விட்டுவிடுவாள் என்று தோன்றியது.

“நான் கூட இல்ல அண்ணி. வளைவுக்கு அந்தப் பக்கம் போய் உக்காந்துக்கிட்டேன். கூப்பிட்டாரு. கேட்டுச்சு. நான் போகல.”

வாசலில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் வந்து ஓய்ந்தது.

“எவ்வளவு நேரம்?”

“பன்னெண்டு நிமிஷம்.”

அண்ணியின் பார்வை மெல்லக் கீழே இறங்கி, நாத்தனாரின் காலில் நின்றது. மண் அப்பிய ஷூவோடுதான் வீட்டுக்குள் வந்திருக்கிறாள். அத்தனை கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை.

அண்ணி எழுந்து வந்து அவள் முன்னால் குந்தினாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது. நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்தாள். ஒரு ஷூவைக் கழற்றினாள். கழற்றியதை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த காலைத் தொடாமல், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.