கண்டக்டர் தொண்டை

என் வாய் வாயல்ல, ஒலிபெருக்கி என்று என் கணவரே சொல்வார். பஸ்ஸில் கண்டக்டர் வேலை பார்க்கிறவள் கொஞ்சிக் கொஞ்சியா பேச முடியும்? நாளெல்லாம் கத்திய தொண்டை வீட்டுக்கு வந்ததும் குயிலாகிவிடாது. போதாததற்கு மாமனார் வேறு படுத்த படுக்கை.

"இப்பத்தானே துணி மாத்தினேன், அதுக்குள்ளயா? திரும்புங்க! அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்! என் உசுர வாங்குறீங்களே!"

கத்திக்கொண்டேதான் கழுவுவேன், துடைப்பேன், முதுகுக்குப் பவுடர் போடுவேன். கத்தல் தெருவுக்கே கேட்கும். கழுவியது யாருக்குத் தெரியும்?

கொழுந்தனார் தேன் ஒழுகப் பேசுகிறவர். ஒருநாள் வந்தவர், வாசலிலேயே என் குரலைக் கேட்டு முகம் வாடிப்போனார். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணி ரொம்பத் திட்டுறாங்களாப்பா? எங்க வீட்டுக்கு வந்துடுறீங்களா?" என்று மெல்லக் கேட்டார்.

மாமனார் தலையாட்டினார்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை செய்தும் இதுதானா பலன்? நானும் ரோஷக்காரி. போகட்டும் என்று விட்டுவிட்டேன். மழைக்காலம் முடிகிறவரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மனசு கேட்காமல் ஒருநாள் போனேன். அறை பளிச்சென்று இருந்தது. கொழுந்தனார் சிரித்த முகமாய்ப் போர்வையைத் தடவிக்கொடுத்து, "யாரு வந்திருக்காங்க பாருங்கப்பா" என்றார். மாமனார் சுவரைப் பார்த்தபடி தலையாட்டினார்.

நான் போர்வையைத் தூக்கினேன்.

"அய்யய்யோ! முதுகெல்லாம் புண்ணாயிருக்கே! ஒருத்தரும் திருப்பிப் படுக்க வைக்கலையா?"

"மெதுவா அண்ணி. இந்த வீட்டுல அவர்கிட்ட யாரும் குரல உசத்தினதே இல்ல."

மாமனார் சட்டென்று என் பக்கம் தலையைத் திருப்பினார். கண் நிறைந்துவிட்டது.

"வந்துட்டியாம்மா?" என் கையைப் பிடித்துக்கொண்டார். "இங்க எல்லாரும் வாய அசைக்கிறாங்க, சிரிக்கிறாங்க. ஒண்ணும் காதுல விழல. என்ன கேட்டாலும் தலைய ஆட்டி வைக்கிறேன்."

காது போனது எங்களுக்குத் தெரியவே இல்லை. என் சத்தத்தில் அது தெரிய வழியும் இல்லை. அன்றைக்கு ஆட்டியதும் இப்படித்தானா? பாவி நான், அதற்குப் போயா முறுக்கிக்கொண்டு இருந்தேன்!

"ஏதாச்சும் பேசும்மா. திட்டவாச்சும் செய்" என்றார்.

கடைசி சீட் வரை கேட்கிற தொண்டை, அடைத்துக்கொண்டது. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, என் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தார்.