தறியோரப் பாய்

கமலக்கண்ணன் தறியோரம் தனியாகப் பாய் விரித்துப் படுக்கத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சேலைக் கட்டோடு பெங்களூர் போய் வந்த காலத்தில் தேடிக்கொண்ட எச்.ஐ.வி. வேலூரில் பரிசோதித்தபோது அவனுக்கு இருந்தது, மனைவி திலகவதிக்கு இல்லை. அவனிடம் மிச்சமிருந்த ஒரே நல்ல சேதி அதுதான். அதையும் கெடுத்துவிடக் கூடாதென்று அவள் மேல் விரல்கூடப் படாமல் ஒதுங்கிக் கிடந்தான். ஆணுறை இருக்கிறதே என்றார் டாக்டர். கிழிந்தால் என்ன செய்வது என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தவன் அவன்.

போளூரிலிருந்து அவள் அண்ணன் சம்பந்தம் மூன்று முறை வந்து கூப்பிட்டுப் பார்த்தான். அவள் போகவில்லை. ஏன் என்று கேட்கக் கமலக்கண்ணனுக்குத் தைரியம் வரவில்லை.

2008இல் ஓர் அமாவாசை. தறி ஓடாத நாள். மத்தியானம் திலகவதி கதவைச் சாத்திவிட்டு அவன் முன்னால் ஒரு சின்னப் பொட்டலத்தை வைத்தாள்.

“இன்னா இது?”

“பொம்பளைங்க போட்டுக்கிற உறை. நீங்க மாத்திரைக்கு வரிசையில நின்னப்ப ஆஸ்பத்திரி அம்மா சொல்லிக் குடுத்தாங்க.”

வியாதி வந்தபோது வராத ரோஷம் இப்போது வந்தது அவனுக்கு. “குடும்பத்துப் பொம்பளை வாங்கிகினு வர்ற பொருளா இது? ஆம்பளை பாத்துக்க வேண்டிய காரியம்.”

“ரெண்டு வருஷமா பயந்துகினுதான கீறீங்க. அந்த பயத்த எங்கிட்ட குடுத்துடுங்க. என் ஒடம்ப நான் காப்பாத்திக்கறேன்.”

பிரித்துக் காட்டினாள். இரு முனையிலும் வளையம் வைத்த மெல்லிய பை. முகத்தைத் திருப்பப் போனவன் அவள் விரல்களைப் பார்த்து நின்றுவிட்டான். தறியில் புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய பாவோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கிற விரல்கள். உள்வளையத்தை அழுத்திப் பிடித்ததில் கொஞ்சமும் தடுமாற்றம் இல்லை.

“முன்னாடியே பழகிகினியா?”

“எட்டு வாட்டி. மொத வாட்டி வழுக்கிகினு போய் அடுப்பாண்ட விழுந்துச்சு. இப்ப கை தப்பாதுங்க.”

இவன் தறியோரம் பயந்து கிடந்த நாட்களில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், இவள் தன்னந்தனியாக இவனிடம் வந்து சேர வழி பழகியிருக்கிறாள். இவ்வளவு பெரியவளோடா குடித்தனம் நடத்தினோம் என்று மேல் சிலிர்த்தது.

“இன்னிக்கி அமாவாசை,” என்றான், புருஷன் பெண்டாட்டி சேரக் கூடாத நாள் என்ற நினைப்பில்.

“நாளைக்கி இல்லியே.”

எழுந்து தறியோரம் கிடந்த பாயைச் சுருட்டினான். அவள் அதை வாங்கிக்கொண்டு போய்த் தன் பாய்க்குப் பக்கத்தில் போட்டாள்.