வள்ளி பாடாத கீதம்

1973-இல் காஞ்சிபுரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் ஆசிய இளைஞர் சதுரங்கப் போட்டி நடந்தது. இலங்கை அணியில் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். வள்ளி என்று பெயர், பதினேழு வயது. பள்ளி ஆசிரியை சம்பூர்ணத்தின் வீட்டில் அவளைத் தங்க வைத்தார்கள்.

தொடக்க விழாவில் ஒவ்வொரு நாட்டுக் கீதமும் இசைத்தட்டில் ஒலித்தது. இலங்கையின் முறை வந்ததும் அணியினர் கூடவே சிங்களத்தில் பாடினார்கள். வள்ளி நிமிர்ந்து நின்றாள். வாய் மட்டும் திறக்கவில்லை.

மாலையில் தோசை வார்த்துக்கொண்டே சம்பூர்ணம் காரணம் கேட்டாள்.

"பள்ளிக்கூடத்தில இதே கீதத்தைத் தமிழிலதான் பாடினனாங்கள் அக்கா. சிங்களத்தில பாட மனம் வரேல்லை. ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

சம்பூர்ணத்துக்குப் பெருமை தாங்கவில்லை. பத்திரிகைக்குச் செய்தி அனுப்பும் தம்பி முருகேசனிடம், "உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்பா" என்று சொல்லிவிட்டாள். 'சிங்களக் கீதம் பாட மறுத்த வீரத் தமிழச்சி' என்று கொட்டை எழுத்தில் வந்தது.

அணி மேலாளர் வள்ளியைக் கூப்பிட்டனுப்பினார். திரும்பி வந்தவளின் முகம் வெளுத்திருந்தது.

"கடைசி நாள் மேடையில நான் பாடவேணுமாம். இல்லையெண்டால் இனி அணியில இடமில்லையாம். ஆர் அக்கா சொல்லியிருப்பினம்?"

"யாருக்கும்மா தெரியும்" என்றாள் சம்பூர்ணம். சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

கடைசி ஆட்டத்திலும் ஜெயித்து வள்ளி முதல் பரிசு பெற்றாள். செய்தியைப் படித்துவிட்டு ஐயம்பேட்டையிலிருந்தெல்லாம் மாலையோடு ஆட்கள் வந்திருந்தார்கள். இசைத்தட்டு சுழன்றது. வள்ளி தட்டுத் தடுமாறிப் பாடினாள்.

"இதைக் கேக்கவா வேலைய வுட்டுட்டு வந்திருக்கோம்?" என்று ஒருவர் கத்தினார். மாலைகளை நாற்காலியிலேயே போட்டுவிட்டுப் பாதிக் கூட்டம் எழுந்து போயிற்று. பாடிக்கொண்டே வள்ளி யாரையோ தேடினாள். சம்பூர்ணம் தலையைக் குனிந்துகொண்டாள்.

பஸ் ஏற்றிவிடப் போனபோதுதான் சொன்னாள்: "நான்தான்மா வாய வுட்டுட்டேன்."

"தெரியும் அக்கா. உங்களை விட்டால் ஆரிட்ட நான் சொன்னனான்?" வள்ளியின் குரலில் கோபமில்லை. "அண்டைக்குக் கேட்டனே, அப்பவே சொல்லியிருக்கலாம்."

பஸ் கிளம்பியது. கையசைக்கச் சம்பூர்ணத்துக்குத் துணிவில்லை.

வீட்டில் முருகேசன் காத்திருந்தான். "அந்தப் பொண்ணு ஏன்க்கா பாடிச்சு? எதுனா சொல்லிச்சா?"

"இந்த வூட்லேர்ந்து இனிமே உனக்கு ஒரு சேதியும் வராது, போ" என்று சீறினாள். அவன் மேல் என்ன தப்பு என்று அவளுக்கே தெரியவில்லை.