அவன் சொல்லாத ஐந்தாவது பதில்

1

“அக்கா, பிரஷ் எடுத்து வெச்சேனா?”

“ரெண்டு வெச்சிருக்க. எத்தனை வாய்டா உனக்கு?”

தம்பி சிரித்துக்கொண்டே ஒற்றைக் காலில் நின்று ஷூவுக்குள் மற்றதைத் திணித்தான். கழுத்தில் ஹெட்போன், தோளில் ஒரே ஒரு பை. லிஃப்ட் கதவு மூடியது. அவ்வளவுதான்.

இப்படித் தொடங்கினால் நீங்கள் இரக்கப்படுவீர்கள் என்று எனக்குத் தெரியும். இரக்கம் வேண்டாம். இந்தக் கதையை எழுதவைத்தது கோபம். தம்பி இறந்த பன்னிரண்டாம் நாள், அவனுடைய டிஜே நிகழ்ச்சிகளைக் கவனித்துக்கொண்ட மேனேஜர் வீட்டுக்கு வந்து, “அக்கா, அஞ்சலியா ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. அந்தப் பேட்டி மாதிரி ஜாலியா இருக்கட்டும், அவனுக்கு அதான் பிடிக்கும்” என்றார்.

(கதைக்குள் ‘நான்’ என்று எழுதினால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் இனி அவள் ‘அக்கா’. அவளைத் திட்டவும் அது வசதி.)

2

முதல் வரைவு: டிஜே என்றால் பயணம், பயணம் என்றால் சுதந்திரம், சுதந்திரம் என்றால் –

குப்பை. அடுத்தது: ஊர் ஊராக இசையைச் சுமந்து திரிந்த அந்த –

அவன் சுமந்தது ஒரு பை. பாட்டெல்லாம் இரண்டு பென்டிரைவில். ஒன்று பையில், இன்னொன்று சாக்ஸுக்குள்.* பை ஓர் ஊருக்கும் அவன் ஓர் ஊருக்கும் போய்ச் சேர்ந்த ஒரு நாளுக்குப் பிறகு, அதை அவன் கையைவிட்டு இறக்கியதே இல்லை. வெள்ளி ஓர் ஊர், சனி ஓர் ஊர், ஞாயிறு மதியம் மூன்றாவது. மூன்றிலும் அவன் பார்த்தது விமான நிலையம், வேன் ஜன்னல், மேடைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தால் கூடத்துத் தரையில்தான் படுப்பான். “கட்டில்ல படுத்தா இது ஹோட்டலா வீடான்னு குழம்புதுக்கா.”

* பாதுகாப்புச் சோதனையில் சாக்ஸைக் கழற்றச் சொன்னால் கூச்சத்தில் நெளிவான். கதைக்கு இது தேவையில்லை. நீக்க மனமில்லை.

3

ஓர் இணைய இதழ் ஏழு கேள்விகள் அனுப்பியது. டிஜேக்கள் எப்படிப் பயணம் செய்கிறார்கள், பையில் என்ன இருக்கும், இந்த மாதிரி. தம்பி தரையில் கண்ணை மூடிக் கிடந்தான். அக்கா கேள்விகளை வாசித்தாள். (அச்சகத்தில் பிழை திருத்துவது அவள் வேலை.) ஐந்தாவது கேள்வி: பயணத்தில் எப்படித் தூங்குகிறீர்கள்?

“தூங்குறதில்லன்னு போடு.”

“அப்படிப் போட்டா எவன்டா படிப்பான்? உன் மேனேஜர் ஜாலியா இருக்கணும்னு கேட்டிருக்காரு.”

“அப்ப நீயே போட்டுக்கோ. வீட்டுல எழுத்தாளர் நீதானே.”

அக்கா எழுதினாள்: ‘சீட் பெல்ட் பூட்டியதும் என் கண்ணும் பூட்டிக்கொள்ளும். விமானம்தான் என் தொட்டில். எனக்குக் கட்டிலே வேண்டாம்!’

ஆச்சரியக்குறியும் அவள் போட்டதுதான். அதைப் போட்ட விரலை –

(வேண்டாம். தொடர்கிறேன்.)

4

பேட்டியை ஊரே பகிர்ந்தது. அடுத்த மாத அட்டவணையில் ஹோட்டல் அறைகள் காணாமல் போயின. மேடையிலிருந்து நேராக விமான நிலையம். தம்பி மேனேஜரிடம் போனில் கேட்டபோது அக்கா பக்கத்தில் இருந்தாள்.

“ரூம் எதுக்கு மச்சி? நீதான் தொட்டில் கேஸாச்சே! பேட்டியில நீயே சொல்லிட்டு இப்ப ஜகா வாங்குறியா?” என்றார் மேனேஜர்.

தம்பி அக்காவைப் பார்த்தான். காட்டிக்கொடுக்கவில்லை. “சரி விடுங்க, பாத்துக்கலாம்” என்று போனை வைத்தான். “உன் எழுத்துக்கு நல்ல வாசகர் கிடைச்சிட்டாருக்கா.”

அக்கா சிரித்தாள். அந்த வாக்கியத்தை அடித்தேன். மறுபடி எழுதுகிறேன்: அக்கா சிரித்தாள்.

ஏழு வாரம் போனது. பிரஷ் கேட்டுவிட்டுப் போன அந்தப் பயணத்தில், நான்காவது ஊரின் விமான நிலையத்தில், பையைக் கட்டிப்பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தரை துடைத்தவர் அவன் கால்களைச் சுற்றி இரண்டு முறை துடைத்தாராம். அசந்து தூங்குகிறவனை எழுப்ப மனம் வரவில்லையாம். ஒலிபெருக்கியில் மூன்று முறை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இதயம் அதற்கு வெகுநேரம் முன்பே நின்றிருந்தது.

5

மேனேஜரை வில்லனாக்கிவிடலாம், கதைக்கு நல்லது. ஆனால் எங்கள் சோபாவில் உட்கார்ந்து அந்த மனிதர் உண்மையிலேயே அழுதார். எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வருகிறது.

“சந்தோஷமாத்தான்கா சுத்துனான். அவனே சொன்னானே, விமானம்தான் தொட்டில்னு. அந்த வரியிலயே ஆரம்பிங்க.”

முடிவு ஒன்று: “அது அவன் சொன்னதில்ல, நான் எழுதினது” என்கிறாள் அக்கா. மேனேஜர் முகத்தில் ஒரு நிம்மதி பரவுகிறது. பாரத்தை அவள் மடியில் இறக்கிவிட்டுப் போகிறார்.

முடிவு இரண்டு: அக்கா அஞ்சலி எழுதுகிறாள். பிரமாதமாக எழுதுகிறாள்.

முடிவு மூன்று: “ஒரு தடவையாவது தூங்குனியாடான்னு அவன்கிட்ட கேட்டீங்களா?” என்று கத்துகிறாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீங்க கேட்டீங்களாக்கா?” என்கிறார்.

எது நடந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். நீங்களும் அந்தப் பேட்டியைப் படித்துச் சிரித்தவர்களாக இருக்கலாம். ஒன்றை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் செய்தது ஒன்றை மட்டும் சொல்கிறேன். (ஆமாம், நான்தான்.) ஐந்தாவது பதிலை எழுதியது யார் என்று சொல்லி, அதை நீக்கக் கேட்டு, அந்த இதழுக்கு நான்கு கடிதங்கள் அனுப்பினேன். தலைப்பில் ‘நினைவாக’ என்று சேர்த்தார்கள். அவன் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினார்கள். பதில் அப்படியே இருக்கிறது. படத்துக்குக் கீழே, வெளியான நாளில் இருந்தது போலவே, சின்ன எழுத்தில் இதழின் குறிப்பு:

படிக்க இரண்டு நிமிடம்.