விருந்தாளிக்குக் கொடுத்த காப்பி

வெள்ளைக்கார அம்மாள் வருகிறாள் என்றதும் என் வீட்டுக்காரர் யோகராஜுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தாண்டிக்குடிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம் எங்களுக்கு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றிவிட்ட குடும்பம், இங்கே கூலிக்குப் போய், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய நிலம். காப்பி விலையோ அதலபாதாளத்துக்குப் போய்விட்டது. இடையில் தரகர் இல்லாமல் விவசாயிக்குக் கட்டுபடியான விலை வாங்கித் தரும் நியாய வணிகச் சங்கத்தில் சேர்ந்த பிறகு, போன வருஷம் இந்த அம்மாள்தான் தன் ஊர்க் கடைகளுக்காக எங்கள் கொட்டையை நல்ல விலைக்கு எடுத்தாள். இந்த வருஷமும் எடுத்தால் நிலம் தங்கும். இல்லையென்றால் கொடைக்கானல் ஓட்டல்காரருக்கு விற்க வேண்டியதுதான். அவர் ஏற்கெனவே வந்து அளந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

"ஏங்க, அவுகளுக்குக் குடிக்க என்னத்தக் குடுக்குறது?" என்று கேட்டேன்.

நல்ல கொட்டையெல்லாம் மூட்டைக்குப் போய்விடும். உடைசலையும் உதிர்ந்ததையும் வறுத்து இடித்து, கருப்பட்டி போட்டுக் குடிப்போமே, அதுதான் எங்கள் காப்பி. அதை அவள் வாயில் வைப்பாளா? கன்னிவாடிச் சந்தைக்குப் போன என் வீட்டுக்காரர் டப்பாத் தூள் ஒன்று வாங்கி வந்தார். விளம்பரத்தில் கரண்டியால் கலக்கிக் காட்டுகிறார்களே, அது. விலையைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் வீடு தேடி வருகிறவளுக்குக் குறை வைக்கலாமா?

சங்கத்துச் செயலாளர் ஜெயமுருகன் அவளைக் கூட்டி வந்தார். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தவள், என்னவோ கேட்டாள். ஜெயமுருகன் அதைத் தமிழில் சொன்னார்.

"இது உங்க தோட்டத்துக் காப்பியான்னு கேக்குறாங்கக்கா."

"அட போங்க தம்பி! அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்தவுகளுக்கு உடைசலையா குடுப்போம்? கடையில வாங்குன ஒசத்தித் தூளுன்னு சொல்லுங்க." பெருமையாகத்தான் சொன்னேன், பாவி.

டப்பாவைக் கேட்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. நெடுநேரம் பேசினாள். ஜெயமுருகன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவங்க ஊர்லயும் நம்ம பாக்கெட்டுக்குப் பக்கத்துலயே இந்த டப்பா இருக்குமாம். சனங்க நம்ம பாக்கெட்ட எடுப்பாங்களாம். அதுல உங்க ரெண்டு பேர் போட்டோவும் இருக்குல்ல, அதப் பார்த்து ஐயோ பாவம்னு சொல்லுவாங்களாம். அப்புறம் வெலயப் பார்த்துட்டு வச்சிருவாங்களாம். இந்த டப்பாவ எடுத்துட்டுப் போயிருவாங்களாம். போன வருஷச் சரக்கே பாதி அப்பிடியே கெடக்காம். இனிமே எடுக்க முடியாதுன்னு நேர்ல சொல்லத்தான் வந்திருக்காங்க."

என் வீட்டுக்காரருக்கு முகம் செத்துப்போனது. "நம்ம காப்பி நல்லா இல்லையாமா?" என்று மட்டும் கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்காம்ணே."

நல்லா இல்லை என்று சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஊர்ச் சனங்களை மண்ணள்ளித் தூற்ற வேண்டும்போல இருந்தது. எந்த வாயால் தூற்றுவது? டப்பா என் அடுப்படியிலும்தானே இருந்தது.

ஓட்டல்காரர் பத்திரம் முடித்தார். காப்பியை அழித்துவிட்டுப் புல்தரை போடப் போகிறாராம். வெட்ட ஆள் தேடினார்.

"வேத்தாள் வெட்டுனா எனக்குத் தாங்காது ராணி. நாமளே போவோம்" என்றார் இவர்.

பங்குனி மழைக்குச் செடியெல்லாம் பூத்து நின்றது. இவர் வெட்டிக்கொண்டே போக, நான் அழுதுகொண்டே இழுத்துப் போட்டேன். சாயங்காலம் மேஸ்திரி வந்து கூலியைக் கையில் கொடுத்தான்.

"நல்லா வேலை பார்க்குறீங்க. நாளைக்கும் வெள்ளனே வந்துருங்க."

"சரிங்க" என்றார் என் வீட்டுக்காரர்.