ஊத ஆள் வருவாங்க

நல அலுவலகத்துப் பெண் தொலைபேசியில் கடகடவென்று ஒப்பித்துக்கொண்டிருந்தாள். முன்னாள் ராணுவ வீரர் என்பதால் மாமாவுக்குப் படைவீரர் மயானத்தில் இடம் உண்டு. குழி தோண்டும் செலவு அவர்களுடையது. பெயர் பொறித்த கல்லும், பெட்டிமேல் போர்த்தக் கொடியும் அவர்களே தருவார்கள். பிற்காலத்தில் மனைவிக்கும் அதே குழியில் இடம் கிடைக்கும். கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் நான் சமையலறைப் பக்கம் திரும்பினேன். என் மாமியார் கழுவிய டம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும். ஊத ஆள் வருவாங்களான்னு கேளுங்க மாப்பிள்ளை," என்றார் அத்தை.

மாமா துப்பாக்கி தூக்கிச் சண்டை போட்டவர் அல்ல. படையின் பேண்டில் பியூகிள் என்ற ஊதுகொம்பு வாசித்தவர். வேலைக்காலம் முழுக்க அடுத்தவர் வீட்டுச் சாவுக்குப் போய், குழிக்கு நாலடி தள்ளி நின்று, செத்தவரை வழியனுப்பும் அந்தக் கடைசி மெட்டை ஊதிவிட்டு வீட்டுக்கு வந்து சோறு கேட்ட மனிதர். பொய்ப்பல் கட்டிய பிறகு ஊத முடியவில்லை. "எனக்கு ஊதறவன் பிசிறடிச்சான்னா எந்திரிச்சு உக்காந்து திட்டுவேன்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட நர்ஸைச் சிரிக்க வைத்தார். அத்தை அப்போது சிரிக்கவில்லை. அவருக்கு இடமும் வேண்டாம், கல்லும் வேண்டாம். மூச்சுள்ள ஓர் ஆள் வந்து வாயால் ஊதி மாமாவை அனுப்பிவைக்க வேண்டும், அவ்வளவுதான். டேப்பைப் போட்டுவிட்டால் பெட்டியை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்துவிடுவேன் என்று மிரட்டியும் வைத்திருந்தார். சொன்னால் செய்கிறவர்.

கேட்டேன். அந்தப் பெண் ஒரு நொடி தயங்கினாள். "ரெண்டு பேர் வருவாங்க சார். ஒருத்தர் பியூகிளோட வருவார்."

"ஊத ஆள் வருவாங்க அத்தை," என்றேன் பெருமையாக. இன்சூரன்ஸ் விற்றுப் பிழைக்கிறவன் நான். வார்த்தையை அளந்து சொல்வது எப்படி என்று ஊருக்கே பாடம் எடுப்பேன். எனக்கே ஒருத்தி அளந்து கொடுத்திருக்கிறாள், நான் சந்தோஷமாக வாங்கி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மயானத்தில் வரிசை வரிசையாக ஒரே அளவு வெள்ளைக் கற்கள். மாமாவின் பெட்டியைக் குழிக்குமேல் பட்டைகளில் தாங்கி வைத்திருந்தார்கள். விறைப்பாக இரண்டு சிப்பாய்கள் நின்றார்கள். பியூகிள் வைத்திருந்தவனுக்குக் கழுத்தில் சவரக் காயம் இருந்தது. அவன் வாத்தியத்தைத் தூக்கினான். தூக்குவதற்குமுன் அவன் கட்டைவிரல் அதன் அகன்ற வாய்க்குள் போய் எதையோ அழுத்தியதையும், உள்ளே பச்சையாக ஒரு பொட்டு வெளிச்சம் எரிந்ததையும் பக்கவாட்டில் நின்ற நான் பார்த்துவிட்டேன். மெட்டு தொடங்கிவிட்டது. அவன் கன்னம் உப்பவே இல்லை.

ஆட்களை வைத்துக்கொண்டு, செத்தவர் முன்னாலேயே இப்படி ஒரு நாடகமா! அத்தை பார்த்துவிடக் கூடாதே என்று மெல்ல நகர்ந்து குறுக்கே நின்றேன். இழுத்து நீட்டும் கடைசிச் சுரம் வந்தபோது என் மணிக்கட்டில் நகங்கள் பதிந்தன.

"மாப்பிள்ளை, இது அவர்."

அத்தைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன். என் மனைவி, "அம்மா, அம்மா" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். பியூகிள் வைத்திருந்த சிப்பாய் பெட்டிமேல் இருந்த கொடியை மடித்துக் கொண்டுவந்து மண்டியிட்டு நீட்டினான். அத்தை அதை வாங்கிக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தார்.

"இது யார் ஊதினது தம்பி?"

"நான்தான்மா..." என்றவன் முகம் வெளுத்துவிட்டது. "மன்னிச்சிருங்கம்மா. எனக்கு ஊதத் தெரியாது. உள்ள மெஷின் இருக்கு. ஊதத் தெரிஞ்சவங்க இப்ப ரொம்பக் கம்மி. எல்லா அடக்கத்துக்கும் அனுப்ப முடியல."

"நீ ஊதலன்னு எனக்குத் தெரியாதா? மெஷின்ல இருக்கறது யாரு?"

"எங்க பேண்ட்ல முன்ன இருந்த யாரோ. பேர் தெரியாதும்மா."

"கடைசி நீட்டல்ல, பாதியில ஒரு மூச்சு வாங்குது பாரு. அங்க யாரும் மூச்சு வாங்க மாட்டாங்க. அதுக்காக மேலதிகாரிகிட்ட எவ்ளோ வாங்கிக் கட்டிக்கிட்டாரு! வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டுப் பழகுவாரு. அப்பவும் அதே இடத்துல அதே மூச்சு."

சிப்பாய் வாத்தியத்தைத் திருப்பி உள்ளே பார்த்தான். "ஆமாம்மா, ஒரு இழுப்புச் சத்தம் வரும். மெஷின் கோளாறுன்னு நெனச்சோம்."

தொண்டையில் குழாயோடு, ஒரு வாய்த் தண்ணீர் விழுங்க முடியாமல் மாமா படுத்துக்கிடந்த நாட்களிலும் இந்த மயானத்தில் அவர் ஊதிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"தெருவுல நாய் குட்டி போட்டாக்கூட வந்து சொல்ற மனுஷன்," என்றார் அத்தை. "இதைச் சொல்லலையே! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

மயான மேற்பார்வையாளர் தூரத்திலிருந்து கை காட்டினார். ஆறேழு வரிசை தள்ளி இன்னொரு பெட்டி வந்திருந்தது. சிப்பாய் தயங்கி, "அடுத்தது இருக்கும்மா, போகணும்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். அவன் பின்னாலேயே அத்தையும் நடந்தார். மனைவி கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. கற்களுக்கு நடுவே, செருப்பு ஈர மண்ணில் புதையப் புதைய, மடித்த கொடியை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாகப் போனார்.

அங்கே முன்பின் தெரியாத கூட்டம். அத்தையின் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ நெருங்கிய சொந்தம் என்று நினைத்து முன்வரிசையில் இடம் விட்டார்கள். அழுதுகொண்டிருந்த ஒரு பெண் அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

"இறக்கி மூடிரலாமா சார்?" என்று என் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்றவர் கேட்டார். மாமாவின் பெட்டி இன்னும் பட்டைகளின் மேல்தான் இருந்தது.

"கொஞ்சம் இருங்க," என்றேன்.

அங்கே பியூகிள் மேலே உயர்ந்தது. எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். அத்தை மட்டும் நிமிர்ந்து, வாயை லேசாகத் திறந்துவைத்துக் காத்திருந்தார்.